வேர் அறிந்தவரும் பட்டம் பெற்றவரும்

மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களோடு தொடங்குவர். கண்டுபிடித்தல் என்னும் இச்சொல்லையே நாம் முதலில் ஐயுறவேண்டியவர்களாயிருக்கிறோம். ஒரு விதையின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த கிராமத்தவர் அதனைக் கண்டுபிடித்தவராகக் கணிக்கப்படுவதில்லை. அவர்களிடமிருந்து அவ்விதையைப் பெற்று, ஆய்வுகூடத்தில் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, அதற்குப் புதியதொரு பெயரையும் சூட்டியவரே கண்டுபிடித்தவராகிறார். முன்னவரின் அறிவு வழக்கம் எனப்படும். பின்னவரின் அறிவு விஞ்ஞானம் எனப்படும். இவ்விரண்டிற்குமிடையே எழுந்த சுவர் இயற்கையானதன்று, அது கட்டப்பட்டது. கட்டியவர் யார், எக்காலத்திற் கட்டினர், அதனை இடிக்க முயன்றோர் எவ்வளவிற்கு வெற்றிகண்டனர் என்பன வரலாற்று வினாக்கள்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு மேற்கு ஆபிரிக்க நாடாகிய கானா சிறந்ததோர் உதாரணமாகும். அந்நாட்டின் குமாசி நகரிலுள்ள குவாமே நுக்ரூமா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2001 ஆம் ஆண்டு மூலிகை வைத்தியத்தில் நான்காண்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு ஆரம்பிக்கப்பட்டது. காட்டு வேர்களைப் பற்றிய அறிவு, அரசாங்கப் பல்கலைக்கழகமொன்றின் வகுப்பறைக்குள் பட்டத்திற்குரிய பாடமாக நுழைந்தமை சிறிய செய்தியன்று. ஆயின் அந்த வகுப்பறைக் கதவு திறப்பதற்கு ஏன் இத்துணைக் காலம் சென்றது? திறந்த கதவின் வழியே உள்ளே சென்றவர் யார்? வெளியே நின்றவர் யார்? இவற்றை அறியவேண்டின் ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

எடின்பரோவுக்குச் சென்ற விதைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகம் நஞ்சுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்பெற்ற இடமாயிருந்தது. இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கிலுள்ள கலபார்ப் பகுதியில் வாழும் எஃபிக் மக்கள், எசெரே என வழங்கிய ஓர் அவரை விதையைக் குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு உண்ணக்கொடுத்துச் சோதிப்பது வழக்கம். உண்டவர் இறந்தாற் குற்றவாளி. வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. மிஷனரிமார் மூலமாக எடின்பரோவை அடைந்த அவ்விதையின் ஒரு துண்டை 1855 இல் பேராசிரியர் றொபேட் கிறிஸ்ரிசன் தாமே தின்று பார்த்தார். உடல் சோரத் தொடங்கவே, முகச்சவரத்துக்கு வைத்திருந்த நீரைக் குடித்து வாந்தியெடுத்து உயிர் தப்பினார். அவ்வழியில் தோமஸ் பிரேசர் என்பார் 1862 இல் அவ்விதையையே தமது வைத்தியப் பட்டத்துக்குரிய ஆய்வுப் பொருளாக்கினார். 1864 இல் அதன் சாரமாகிய பிசொஸ்ரிக்மீன் பிரித்தெடுக்கப்பட்டது. கண்ணழுத்த நோய்க்கு அது நெடுங்காலம் மருந்தாயிற்று. 1935 இல் அச்சாரத்தைச் செயற்கை முறையில் முழுமையாக ஆக்கிக் காட்டியவர் பேர்சி ஜூலியன் என்னும் அமெரிக்கக் கறுப்பின இரசாயனவியலாளர். அடிமையாயிருந்த ஒருவரின் பேரன் அவர். விதையும் மனிதரும் ஒரே கரையிலிருந்துதான் கப்பலேற்றப்பட்டனர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இரண்டாவது விதை அம்புநஞ்சுக்குரியது. 1861 இல் லிவிங்ஸ்ரனின் சாம்பெசி ஆற்றுப் பயணத்திற் சென்ற ஜோன் கேர்க் என்னும் வைத்தியர், உள்ளூர் வேட்டைக்காரரின் அம்புநஞ்சு தற்செயலாகத் தம் பற்தூரிகையிற் பட்டிருந்ததனால், பல் துலக்கியபின் நாடித்துடிப்பு மாறுவதைக் கண்டார். அந்நஞ்சுக்குரிய ஸ்ரோபாந்தஸ் என்னும் கொடியின் விதைகளை ஆராய்ந்து அது இருதயத்தில் விளைக்கும் மாற்றத்தை விளக்கியவர் மேற்கூறிய பிரேசரே. நூற்றாண்டின் இறுதியில் அது பிரித்தானிய அதிகாரபூர்வ மருந்து நூலில் இடம்பெற்றது. லண்டன் கம்பனிகள் அதனை மாத்திரையாக்கி விற்றன.

அன்று தங்கக் கரை என வழங்கிய கானாவில் நடந்ததோ வேறு. அதன் வடபகுதியிற் பிரித்தானியப் படைகளை எதிர்த்த மக்கள் இதே இனக் கொடியின் நஞ்சை அம்புகளில் தோய்த்துப் போராடினர். அவ்வம்புகளைத் தடைசெய்யவும் அந்நஞ்சை ஒழிக்கவும் குடியேற்ற அதிகாரிகள் முனைந்தனர். லண்டனில் அக்கொடியின் விதைக்கு விலையிருந்தது. விளைந்த மண்ணில் அதனை வைத்திருந்தவன் ஐயத்துக்குரியவன். ஒரே தாவரம் காட்டிற் குற்றமாகவும் கடையில் மருந்தாகவும் மாறிய விந்தை இது. கொக்கோக் கொட்டை மூட்டையாகச் சென்று சொக்கலேற்றாகத் திரும்பிவந்த கதையும் இதுவேயன்றோ? மூலப்பொருளைக் கொடுப்பது ஒரு கண்டம், அதனை அறிவாக மாற்றுவது மற்றொரு கண்டம் என்னும் பிரிவினை, சந்தையில் மாத்திரமன்றிக் கல்வியிலும் நிலைநாட்டப்பட்டது.

மூடப்பட்ட கதவு

விதைகள் சென்ற அதே எடின்பரோவுக்கு மனிதரும் சென்றனர். சியரா லியோனில் 1835 இற் பிறந்த ஜேம்ஸ் ஆபிரிக்கானுஸ் ஹோட்டன், அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டோரின் வழித்தோன்றல். பிரித்தானிய இராணுவத்துக்கு மேற்கு ஆபிரிக்காவிற் பணிபுரிய வைத்தியர் தேவைப்பட்டனர். ஐரோப்பியரோ அங்கு சென்றதும் காய்ச்சலால் மடிந்தனர். அத்தேவையினாலேயே ஹோட்டனும் வேறு இருவரும் கல்விக்குத் தெரிவுசெய்யப்பட்டனர். 1859 இல் எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்றபோது அவர் எழுதிய ஆய்வு, மேற்கு ஆபிரிக்கக் கரையின் நிலவியல்பையும் நோய்களையும் பற்றியது. அதிலே அப்பிரதேசத்தின் தாவரங்களைப் பற்றிய குறிப்புகளும் இடம்பெற்றன.

தாயகம் திரும்பிய ஹோட்டன் 1861 இல் யுத்த அமைச்சுக்கு ஒரு முறைப்பாடன்று, ஒரு திட்டம் எழுதினார். ஆபிரிக்க இளைஞருக்கு அவர்கள் மண்ணிலேயே வைத்தியக் கல்வியின் ஆரம்பப் பயிற்சியை அளிக்க ஒரு பாடசாலை வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. கரையிற் பணிபுரிந்த ஐரோப்பிய வைத்தியர் எதிர்த்தனர், திட்டம் நிராகரிக்கப்பட்டது. அப்பாடசாலை அன்று எழுந்திருப்பின், அந்நாட்டுத் தாவரங்களை அந்நாட்டு மொழிகள் அறிந்த மாணவர் ஆராயும் ஒரு மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருத்தல் கூடும். கானாவில் வைத்தியக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது 1964 இலேதான். நூற்றுமூன்று ஆண்டுகள்!

இடைக்காலத்தில் நிலைமை சீர்ப்படவில்லை, சீர்கெட்டது. தங்கக் கரையைச் சேர்ந்த பெஞ்சமின் குவாட்டி பப்பாஃபியோ 1886 இல் எடின்பரோவிற் பட்டம் பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் சியரா லியோனைச் சேர்ந்த ஜோன் பரல் ஈஸ்மன் தங்கக் கரையின் தலைமை வைத்திய அதிகாரியாகவும் பதவி வகித்தார். ஆனால் 1902 இல் மேற்கு ஆபிரிக்க வைத்திய சேவை ஒன்றாக அமைக்கப்பட்டபோது, ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவரே அதிற் சேரலாம் என்பது விதியாயிற்று. கொயினா கிடைத்தமையால் ஐரோப்பியர் இப்பொழுது ஆபிரிக்காவில் உயிர்வாழக்கூடியவராயினர். ஆகவே ஆபிரிக்க வைத்தியரின் தேவை குறைந்தது. இனவாதக் கொள்கை எப்பொழுதும் தன் பொருளாதாரக் காரணத்தை மறைத்துக்கொண்டே பேசும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆபிரிக்கருக்கு விடப்பட்ட இடம் மருந்து கலக்கும் அறை. 1923 இல் அக்ராவிற் கோலேபு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபின், மருந்து கலப்போரின் பயிற்சி அங்கு நடைபெற்றது. 1950களில் அப்பயிற்சி குமாசியிற் புதிதாக எழுந்த தொழில்நுட்பக் கல்லூரிக்கு மாறியது. அங்கு கற்பிக்கப்பட்டது பிரித்தானிய மருந்து நூல். ஆஸ்பத்திரி மதிலுக்கு அப்பால் வளர்ந்த செடிக்கு அந்நூலில் இடமிருந்தால், அது இங்கிலாந்திலிருந்து புட்டியில் வந்திருக்கவேண்டும்.

காட்டிலே நடந்த பாடசாலை

கல்விச்சாலை இல்லாதவிடத்துக் கல்வியே இல்லை என நாம் மயங்குதல் ஆகாது. அக்கான் மக்களிடையே மூலிகை வைத்தியரை ஓடுன்சினி என்பர். தெய்வத்தின் வாக்கைக் கூறும் பூசகராகிய ஒக்கொம்ஃபோவினின்றும் இவர் வேறானவர். ஓடுன்சினியாக விரும்பும் இளைஞன் ஆண்டுக்கணக்கில் ஆசானுடன் வாழ்ந்தான். எந்த மரத்தின் பட்டையை எப்பொழுது உரிக்கவேண்டும், எவ்வேரை அவிக்கவேண்டும், எதனைப் பச்சையாக அரைக்கவேண்டும், எது குழந்தைக்கு ஆகாது என்பனவற்றை அவன் ஏட்டிலன்று, காட்டிற் கற்றான். நோயாளியின் வீட்டுக்கு ஆசானுடன் நடந்தான். இறுதியில் ஆசான் விடைகொடுத்தபின்னரே தனித்து வைத்தியஞ்செய்தான். குரு ஒருவர், நெடிய பயிற்சி, மேற்பார்வை, விடைபெறும் சடங்கு: ஒரு தொழிற்கல்விக்கு வேண்டிய உறுப்புகளுள் இங்கு இல்லாதது யாது? எழுத்து ஒன்றே.

அக்குறையும் உணரப்படாமலில்லை. 1931 இல் செக்கொண்டித் துறைமுக நகரில் குவேசி ஆபா என்பவரின் தலைமையில் ஆபிரிக்க மூலிகை வைத்தியர் சங்கம் ஒன்று தோன்றியது. 1930களில் அவர் ஆபிரிக்க மூலிகை வைத்தியம் பற்றி நூலொன்றையும் அச்சிட்டார். புகையிரதமும் துறைமுகமும் தொழிலாளரும் நிறைந்த நகரிலே இச்சங்கம் எழுந்தமை கருதத்தக்கது. மூலிகை வைத்தியம் கிராமத்துப் பழமையில் உறைந்து கிடந்தது என்பது அதனைக் காணாதார் கூற்று. அது நகருக்கு வந்தது, அச்சேறியது, அங்கீகாரம் கேட்டது.

அங்ஙனம் புதுமையை ஏற்க முனைந்தவர்க்கு நேர்ந்ததைத் தென்னாபிரிக்காவின் ஒரு வழக்குக் காட்டும். நாட்டாலிலே மூலிகை வைத்தியருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. அவ்வனுமதி பெற்ற மஃபவுக்கே இங்கோபோ என்பவர் டேர்பனில் மருந்துக்கடை நடத்தினார். புட்டிகளில் மருந்தை அடைத்து விற்றார். 1940 இல் அவர் நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றத்தின் சாரம், அவர் மரபுக்கு மாறாக நடந்தார் என்பதே! வெள்ளை மருந்து வணிகரின் வாடிக்கையாளர் அவர் கடைக்குச் சென்றமை அவ்வழக்கின் பின்னணி. ஆபிரிக்கன் மரபைப் பின்பற்றினால் அநாகரிகன். அதனை வளர்த்தெடுத்தால் குற்றவாளி. மரபு என்பது அவனுக்கு அளிக்கப்பட்ட மதிப்பன்று; அவனைச் சுற்றியிட்ட வேலி.

மம்போங்கில் ஒரு முயற்சி

1957 இல் கானா விடுதலை பெற்றது. குவாமே நுக்ரூமாவின் ஆட்சியில், 1960களின் முற்பகுதியில், மரபு வைத்தியரின் தேசிய சங்கமொன்று அரச ஆதரவுடன் அமைந்தது. குமாசிக் கல்லூரி 1961 இற் பல்கலைக்கழகமாயிற்று. 1966 பெப்ரவரியில் நுக்ரூமா கவிழ்க்கப்பட்டபோதும், இவ்வெண்ணம் முற்றாக மறைந்துபோகவில்லை. அதனைத் தாங்கியவருள் முதன்மையானவர் டொக்டர் ஓக்கு அம்போஃபோ.

1908 இற் பிறந்து 1998 இல் மறைந்த அம்போஃபோ, எடின்பரோவில் வைத்தியம் கற்றவர், சிற்பியாகவும் புகழ்பெற்றவர். அவருடைய ஊர் அக்வாப்பிம் மலைத்தொடரிலுள்ள மம்போங். 1879 இல் டெட்டே குவாஷி என்னும் தொழிலாளி தங்கக் கரையின் கொக்கோத் தோட்டத்தைத் தொடக்கிய ஊரும் அதுவே. அங்கு வைத்தியசாலை நடத்திய அம்போஃபோ, தம்மால் தீர்க்கவியலாத சில நோய்களை அயலிலுள்ள மூலிகை வைத்தியர் தீர்ப்பதைக் கண்டார். ஐரோப்பியக் கல்வி பெற்ற பலர் இத்தகைய காட்சியைக் கண்டும் காணாதுபோயினர். அவர் அவர்களிடம் சென்று கேட்டார். கினிப்புழு நோய்க்கு கொம்பிரேற்றம் என்னும் தாவரம், மலேரியாவுக்கு நிபிமா என மக்கள் வழங்கும் கொடியின் வேர் எனப் பலவற்றை அவர் தம் நோயாளரிடத்துப் பயன்படுத்திக் குறிப்பெடுத்தார்.

1975 இல் மம்போங்கில் மூலிகை வைத்தியத்துக்கான விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் அரசாங்கத்தால் நிறுவப்பட்டது. அம்போஃபோ அதன் முதற் பணிப்பாளர். அந்நிலையத்தின் சிறப்பு அதன் அமைப்பிலே உள்ளது. ஆய்வுகூடமும், மூலிகைத் தோட்டமும், நோயாளருக்கு மருந்து கொடுக்கும் சிகிச்சைக்கூடமும் ஒரே வளவில் அமைந்தன. குமாசியில் மருந்தாக்கவியற் பேராசிரியர் அல்பேட் டாக்கியும் அவர்தம் குழுவினரும் நிபிமா வேரிலுள்ள கிரிப்ரொலெப்பின் என்னும் சாரத்தை ஆராய்ந்தனர். எடின்பரோவுக்குச் சென்ற விதையின் பாதை இங்கு முதன்முறையாகத் திரும்பியது. காட்டிலிருந்து வேர் கானாவின் ஆய்வுகூடத்துக்கே சென்றது. அங்கிருந்து கானாவின் நோயாளியிடம் வந்தது.

எனினும் இம்முயற்சியை நாம் குறையற்றதெனப் போற்றுதற்கில்லை. மருந்தைக் கூறியவருக்கும் அதனை ஆராய்ந்தவருக்கும் இடையே ஐயம் நிலவியது. வைத்தியர் தம் மருந்தை மறைக்கிறார் என்று விஞ்ஞானி குறைகூறுவார். ஆனால் அவர் ஏன் மறைக்கிறார்? காப்புரிமைச் சட்டம் கம்பனியின் கண்டுபிடிப்பைக் காக்கும். கிராமத்தவரின் பரம்பரை அறிவை அது அறியாது. சட்டம் காவாத சொத்தை மௌனமே காக்கும். இரகசியம் மூடநம்பிக்கையின் விளைவன்று, ஏழையின் காப்புரிமை என்பதே நம் கருத்து. இது கானாவுக்கு மாத்திரம் உரிய இடர்ப்பாடன்று. நம் முற்றங்களில் பட்டிப்பூ என மலரும் செடியின் தாயகம் மடகஸ்கார். 1950களின் பிற்பகுதியிற் கனடாவிலும் அமெரிக்காவிலும் அதிலிருந்து புற்றுநோய் மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. மடகஸ்காரோ உலர்ந்த செடியை ஏற்றுமதி செய்யும் நாடாகவே நின்றது. அத்தீவின் அறிஞர் அல்பேட் றக்கோத்தோ றட்சிமமங்கா, 1957 இல் தம் நாட்டிலேயே ஆராய்ச்சி நிலையமொன்றைத் தொடங்கியமைக்கு இத்தகைய அநுபவங்களே நியாயம். அவரும் அவர் தோழரும் ஆராய்ந்த தாவரங்களுள் நாம் நன்கறிந்த வல்லாரையும் நாவலும் உள்ளன.

யார் யாருக்குக் கற்பித்தல்?

1978 இல் அல்மா ஆட்டாவில் நடந்த உலக மாநாடு, ஆரம்பச் சுகாதார சேவையில் மரபு வைத்தியருக்கும் இடமுண்டு எனப் பிரகடனஞ் செய்தது. அடுத்த ஆண்டே கானாவின் டெச்சிமான் பகுதியில் மரபு வைத்தியருக்குப் பயிற்சியளிக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. மூலிகைகளைச் சுத்தமாகப் பதப்படுத்தல், கெடாது பேணல், வயிற்றோட்டத்துக்கு உப்பும் சீனியும் கலந்த நீர் கொடுத்தல், ஆபத்தான நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் ஆகியன கற்பிக்கப்பட்டன. இவை பயனுள்ள பாடங்கள். வயிற்றோட்டத்தால் மடியும் குழந்தையை உப்புநீர் காப்பாற்றும். அதனை எவ்வகைப் பெருமையின் பேராலும் மறுத்தலாகாது. ஆயினும் இத்தகைய வகுப்புகளில் ஆசிரியர் எப்பொழுதும் ஒரு பக்கத்தவர், மாணவர் எப்பொழுதும் மறுபக்கத்தவர். ஆஸ்பத்திரி வைத்தியர் காட்டுக்குச் சென்று மாணவராக அமரும் வகுப்பை எவரும் திட்டமிட்டிலர்.

அன்றியும் காலத்தை நோக்கவேண்டும். 1983 இல் கானா சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளின்கீழ்ப் பொருளாதாரச் சீர்திருத்தத்தை மேற்கொண்டது. 1985 இல் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணங்கள் உயர்த்தப்பட்டன. காசு கொடுத்தே மருந்து பெறவேண்டும் என்னும் அம்முறை, 2003 இல் தேசிய சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறும்வரை ஏழையை வாட்டியது. ஆஸ்பத்திரியின் வாயிலிற் பணம் கேட்கப்பட்டபோது, ஏழை வேர் விற்பவரிடம் சென்றார். மரபின்மீது கொண்ட பற்றினாற் சென்றவரும் உளர். வேறு வழியின்றிச் சென்றவரும் உளர். இவ்விருவரையும் ஒன்றாக எண்ணி, மக்கள் தம் மரபை விரும்புகின்றனர் என்று மகிழ்வது, சேவையைக் குறைத்த அரசின் பொறுப்பை மறைப்பதாகும். மரபு வைத்தியத்தைப் புகழ்ந்து ஆஸ்பத்திரியைப் பட்டினிபோடும் கொள்கையை முற்போக்காளர் ஒருபோதும் ஏற்றல் இயலாது.

பட்டமும் அதன் வெளியும்

2000 ஆம் ஆண்டில் மரபு வைத்தியச் சட்டம் நிறைவேறியது. மரபு வைத்தியரைப் பதிவுசெய்யவும், வைத்திய நிலையங்களுக்கு அனுமதி வழங்கவும் ஒரு சபைக்கு அச்சட்டம் அதிகாரமளித்தது. மறு ஆண்டு குமாசியிற் பட்டப்படிப்புத் தொடங்கியது. உடற்கூறு, உடற்றொழிலியல், நோயியல், மருந்துத் தாவரவியல் ஆகியவற்றோடு மூலிகை வைத்தியத்தையும் கற்று, பின்னர் பயிற்சியும் பெற்று, தகைமைப் பரீட்சையில் தேறுவோர் மூலிகை வைத்தியராகப் பதிவுபெறுவர். ஆனால் முதற் பட்டதாரிகள் வெளிவந்தபோது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அவர்களுக்குரிய பிரிவு இருக்கவில்லை. 2011 இலேயே தெரிந்தெடுத்த சில ஆஸ்பத்திரிகளில் அத்தகைய பிரிவுகள் பரீட்சார்த்தமாகத் திறக்கப்பட்டன. அப்பொழுதும் அவர்கள் எழுதிக்கொடுத்த மருந்துக்குக் காப்புறுதி பணம் கொடுக்கவில்லை. ஆங்கில மருந்துக்குக் கொடுத்தது. ஒரே கூரையின்கீழ் இரு வைத்தியம் இருந்தது. ஒன்றுக்கு அரசு பொறுப்பேற்றது, மற்றதற்கு நோயாளியின் சட்டைப்பையே பொறுப்பேற்றது.

இப்பட்டத்தின் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அளவறியாது கொடுக்கும் வேர் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எல்லா நோயும் தீர்க்கும் ஒரே மருந்தென வானொலியிற் கூவி விற்போர் ஆபிரிக்காவிலும் உளர், எங்குமுளர். அவர்தம் பிடியிலிருந்து மக்களைக் காக்கவேண்டின் பரீட்சையும் பதிவும் தேவை. மருந்து பலிக்கிறதா என்பதைச் சோதித்தறிவது மரபுக்கு இழுக்கன்று. சோதித்தறிந்தே அம்மரபும் வளர்ந்தது.

எனினும் கதவின் வெளியே நிற்பவரை மறத்தல் இயலாது. பல்கலைக்கழகத்தின் வாயிலிற் கேட்கப்படுவது ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்ற உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ். ஓடுன்சினியின் மகள் கிராமப் பாடசாலையோடு நின்றுவிட்டால் அவள் உட்செல்லாள். உட்சென்றவர் காட்டில் ஆண்டுகள் பல நடந்தவரல்லர். நாற்பதாண்டு வேர் அறிந்த முதியவர் பதிவுக்கு விண்ணப்பிக்கும் பத்திரத்தை வாசிக்க இன்னொருவரைத் தேடுகிறார். நான்காண்டு கற்ற இளைஞர் அவருடைய செடிக்கு விஞ்ஞானப் பெயர் சொல்கிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் தேவை. ஆயினும் ஒருவருக்கே வெள்ளை அங்கியும் சம்பளமும் உண்டு. 1861 இல் ஹோட்டனை வெளியே நிறுத்திய சுவர் இனத்தினாற் கட்டப்பட்டது. இன்றைய சுவர் வர்க்கத்தினாலும் மொழியினாலும் கட்டப்பட்டது. சுவரை இடித்தவரே அதன் கற்களைக்கொண்டு வேறோரிடத்தில் சுவரெழுப்புவது வரலாற்றிற் புதிதன்று.

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நாம் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டியது யாது? ஓர் அறிவைப் பாடத்திட்டத்திற் சேர்ப்பதனால் மாத்திரம் அவ்வறிவுக்குரிய மக்கள் கல்விக்குள் வந்துவிடுவதில்லை. குமாசி வகுப்பறையில் ஓடுன்சினி ஒருவர், நோயாளியாகவோ தகவல் கொடுப்பவராகவோ அன்றி, சம்பளம் பெறும் ஆசிரியராக மேடையில் நிற்பாராயின், அவர் தம் மொழியிலேயே பேசுவாராயின், அவர் காட்டிய வேரிலிருந்து பெறும் வருவாயில் அவர் ஊருக்கும் பங்கு கிடைக்குமாயின், அன்றே 1861 இல் எழுதப்பட்ட அந்தக் கடிதத்துக்கு முழுமையான விடை கிடைத்ததாகும். அதுவரை அக்கடிதம் பதிலை எதிர்நோக்கியே கிடக்கிறது.